ஐந்து நிமிடம் எமது வளவில்



2025ஆம் ஆண்டு மார்ச் மாதம் 15ஆம் திகதி, சனிக்கிழமை, காலை எட்டு மணி. பணியின் நிமித்தம் சில மாதங்கள் பொத்துவிலில் தங்கியிருந்த நான், அங்கு என் இல்லத்தின் பின்வளவில், கிணற்றுக்கட்டின் மேல், ஒரு படிவத்தையும் பேனையையும் கையில் வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தேன். வேலிக்கு அப்பால் அயல்வீட்டு முஸ்லிம் சகோதரியும் அவ்வாறே ஒரு படிவத்துடன் நின்றுகொண்டிருந்தார். அவருடைய மகன் கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரம் சொல்லிக்கொண்டிருந்தான். எட்டு மணி தொடக்கம் எட்டு மணி ஐந்து நிமிடம் வரை, அவரவர் தத்தம் வளவில் காணும் குரங்கு, மந்தி, மர அணில், மயில் ஆகியவற்றை எண்ணி எழுதித்தர வேண்டும் என்பது அரசின் வேண்டுகோள். பயிர்களுக்குச் சேதம் விளைவிக்கும் விலங்குகளின் தொகையை அறிவதற்காக நாடு முழுவதும் ஒரே வேளையில் நடைபெற்ற கணக்கெடுப்பு அது.

எமக்குத் தவக்காலத்தின் முதல் வாரம். அவர்களுக்கு ரமழான். வேலியின் இருபுறமும் நோன்பாளிகள். வேலிக்கு மேலே, எந்த நோன்புக்கும் கட்டுப்படாதவையாய், குரங்குகள். ஐந்து நிமிடம் முடிந்ததும் நான் ‘பதினொன்று’ என எழுதினேன். “உங்களுக்கு எத்தனை, ராத்தா?” என்று கேட்டேன். “பதினாலு, ஃபாதர்” என்றார். ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துவிட்டோம். என் வளவின் புளியமரத்திலிருந்து அவருடைய தென்னைக்கும், தென்னையிலிருந்து மீண்டும் புளிக்குமாகத் தாவிக்கொண்டிருந்தது ஒரே கூட்டந்தான். நாட்டின் கணக்கிலே எங்கள் இரு வளவுகளிலும் இருபத்தைந்து குரங்குகள் பதிவாகியிருக்கும்!

அதே ஆண்டு ஜூன் மாதம் முடிவுகள் வெளியாயின. 50 இலட்சத்துக்கும் அதிகமான குரங்குகள், 40 இலட்சத்துக்கும் அதிகமான மயில்கள் என்றார்கள். இத்தொகையை ஏற்க அறிஞர் பலர் தயங்கினர். அவர்களுடைய ஐயத்தின் நியாயம் அன்று காலையிலேயே எனக்கு வேலியோரத்தில் விளங்கியிருந்தது. ஆயினும் அக்கணக்கெடுப்பைக் கேலி செய்வது என் நோக்கமன்று. இந்நாட்டின் குடும்பங்களை, ஐந்து நிமிடமேனும், தத்தம் வளவில் அசையாது நின்று உயிரினங்களைப் பார்க்க வைத்த வேறொரு நிகழ்வை நான் அறியேன். அந்த ஐந்து நிமிடம் எனக்கு ஒரு பழக்கமாயிற்று. அப்பழக்கம் என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதையே இங்கு எழுத விரும்புகின்றேன்.

பொத்துவிலை அறியாதோருக்கு ஒரு வார்த்தை. கிழக்கே கடல், மற்றைய திசைகளில் களப்பும் வயலும், அவற்றைத் தாண்டினால் காடும். அறுகம்குடாவின் அலைகளைத் தேடி உலகின் பல பாகங்களிலிருந்தும் இளைஞர் வருகின்றனர். ஊரின் மேற்கே, மொனராகலை செல்லும் வீதியில், 1980ஆம் ஆண்டு தேசிய பூங்காவாகப் பிரகடனம் செய்யப்பட்ட லகுகலை இருக்கின்றது. பரப்பளவு 1,554 ஹெக்டேயர் மட்டுமே. ஆனால் அங்குள்ள குளங்களில் வளரும் ஒருவகை நீர்ப்புல்லைத் தேடி, வெயில் மாதங்களில் யானைகள் கூட்டங் கூட்டமாக வந்து சேரும். தெற்கே பாணமை, உகந்தை, அதற்கப்பால் நீர்ப்பறவைகளின் சரணாலயமாகிய குமண. போரின் காரணமாக 1985இல் மூடப்பட்ட அவ்வனம் 2003இல்தான் மீண்டும் திறக்கப்பட்டது. கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை செல்லும் இந்து அடியார்கள் ஆண்டுதோறும் பொத்துவிலைக் கடந்து அக்காட்டினூடாகவே நடந்து செல்கின்றனர். ஆகவே, இங்கு வளவு முடிந்து காடு தொடங்கும் இடம் எதுவென்று ஒருவராலும் கோடிட்டுக் காட்ட இயலாது. நாம் வேலி அடைத்திருக்கின்றோம். விலங்குகள் அதை அறியா.

அன்று அந்தப் படிவத்திலே நான் கண்டவற்றுள் பெரும்பாலானவற்றுக்கு இடமில்லை. கிணற்றடி ஈரத்தில் உலாவிய செண்பகத்துக்கு இடமில்லை. மதிலின் மேல் தலையை ஆட்டிக்கொண்டிருந்த ஓணானுக்கு இடமில்லை. மர அணிலுக்கு ஒரு நிரல் இருந்தது. முதுகில் கோடுகளுடன் எங்கும் ஓடித்திரியும் சிற்றணிலுக்கு இல்லை. பயிரைக் கெடுப்பவையே எண்ணப்பட வேண்டியவை என்பதால் அது முறையே. ஆனாலும் அங்கு அமர்ந்திருந்தபோது மாற்கு நற்செய்தியின் ஒரு சிறு குறிப்பு நினைவுக்கு வந்தது. நம் ஆண்டவர் பாலைநிலத்தில் கழித்த நாற்பது நாட்களை மத்தேயுவும் லூக்காவும் விரிவாக எழுதுகின்றனர். மிகச் சுருக்கமாக எழுதும் மாற்கு மட்டுமே, அந்நாட்களில் அவர் காட்டு விலங்குகளுடன் இருந்தார் என்பதைச் சொல்லுகின்றார். ஏன் சொல்லுகின்றார் என்பது பற்றி மறைநூல் அறிஞரிடையே பல விளக்கங்கள் உண்டு. குருமடத்தில் அவற்றையெல்லாம் படித்துத் தேர்வும் எழுதினேன். அவற்றுடன் சும்மா இருந்தார் என்ற எளிய பொருளை மாத்திரம் அன்றுவரை நான் சிந்தித்ததில்லை. மீதித் தவக்காலம் முழுவதும், காலைச் செபம் முடிந்ததும், ஐந்து நிமிடம் அக்கிணற்றுக்கட்டில் சும்மா இருப்பதென முடிவு செய்தேன்.

முதல் நாட்களில் எதுவுமே தெரியவில்லை. காகங்கள் மட்டும் தெரிந்தன. பார்க்கும் கண்ணுக்கும் பயிற்சி வேண்டும் போலும். பிறகு மெல்ல மெல்ல வளவு திறந்துகொண்டது.

தவிட்டு நிறமுள்ள, கலகலவென்று ஓயாது பேசும் குருவிகளை எல்லாரும் கண்டிருப்பீர்கள். எம்மவர் புலுனி என்பார்கள். அவை ஒருபோதும் தனியாக வருவதில்லை. ஆறு, ஏழு, எட்டு என ஒரு குடும்பமாகவே வரும். எல்லாம் சருகைக் கிளறிப் பூச்சி தேடுகையில், ஒன்று மட்டும் வேலிக்கதியாலின் மேல் ஏறி நின்று காவல் பார்க்கும். சற்று நேரத்தில் வேறொன்று அதன் இடத்துக்கு வரும். குஞ்சுகளுக்குப் பெற்றோர் மட்டுமன்றி கூட்டத்திலுள்ள ஏனையவையும் இரை ஊட்டும். எங்கள் பங்குகளில் ஒரு சிரமதானத்துக்கு ஆள் சேர்க்க நான் படும்பாட்டை எண்ணி அவற்றைச் சற்றுப் பொறாமையுடன் பார்த்ததுண்டு.

விறகுக் குவியலுக்கடியில் ஒரு கீரி குடியிருந்தது. இலங்கையில் நான்கு வகைக் கீரிகள் உள்ளன. பாம்பு தீண்டிய கீரி காட்டுக்கு ஓடி மூலிகை தின்று பிழைக்கும் என்று சிறுவயதில் கேட்டிருக்கின்றோம். அது கதை. நாகத்தின் நஞ்சு நரம்பையும் தசையையும் இணைக்கும் இடத்தில் சென்று பற்றிக்கொள்வது. கீரியின் உடலில் அவ்விடம் அந்நஞ்சு எளிதில் பற்றாதவாறு அமைந்திருக்கின்றது என்பதே அறிவியல் கண்ட உண்மை. அதற்கு மேல், கடிபடாதிருக்கும் வேகமும் அதற்கு உண்டு. மூலிகைக் கதையைவிட இந்த உண்மை எனக்கு வியப்பாகப்படுகின்றது. புடையனும் நாகமும் உலவும் அம்மண்ணில் அந்தக் கீரி என் கோழிமுட்டைகளில் இரண்டை எடுத்துச் சென்றபோது, காவற்கூலி என்று எண்ணிக்கொண்டேன்.

உடுப்புக் காயப்போடும் கொடியில் ஒரு தேன்சிட்டு கூடு கட்டியது. நாரும் சருகும் சேர்த்து, சிலந்தி வலையால் பிணைத்துத் தொங்கவிட்ட சிறு பை. கட்டியது பெண் சிட்டு. ஆண் அருகிலிருந்து பாடியதோடு சரி. என் அங்கியை ஒரு மாதம் வேறு கொடியில் உலர்த்த நேர்ந்தது.

ஆனால் என்னை முழுமையாக ஆட்கொண்டவை குரங்குகளே. தலையுச்சியில் மயிர் வட்டமாகப் பரந்து தொப்பி அணிந்தாற்போல் தோன்றும் இச்செங்குரங்கு, உலகில் வேறெங்கும் இல்லை. இலங்கைக்கு மட்டுமே உரியது. நம் வளவில் வந்து குரும்பையைக் கடித்தெறியும் இவ்வினம் உலக அளவில் அழியும் ஆபத்திலுள்ள இனங்களின் பட்டியலில் இருக்கின்றது என்றால் பலர் நம்பமாட்டார்கள். பொலன்னறுவையின் இடிபாடுகளுக்கிடையே வாழும் செங்குரங்குகளை வொல்ப்காங் டிட்டஸ் என்னும் அறிஞர் 1968ஆம் ஆண்டு முதல் தலைமுறை தலைமுறையாகக் கவனித்துவந்தார். 2015இல் வெளியான டிஸ்னி நிறுவனத்தின் ‘மங்கி கிங்டம்’ திரைப்படமும் அக்குரங்குகளைப் பற்றியதே. பெண் குரங்கு பிறந்த கூட்டத்திலேயே வாழ்ந்து முடிகின்றது. ஆண் வளர்ந்ததும் வேறு கூட்டம் தேடிப் போகின்றது. தாயின் படிநிலையே மகளுக்கும். உயர்ந்தவை முதலில் உண்ணும். தாழ்ந்தவை எஞ்சியதை உண்ணும். சில வேளைகளில் உயர்ந்தது தாழ்ந்ததின் வாயைத் திறந்து, அதன் கன்னப்பையில் சேர்த்துவைத்த உணவையும் எடுத்துவிடுவதுண்டு என்பது டிட்டஸ் கண்ட செய்திகளில் ஒன்று. இதை நான் நூலில் படித்து அறிந்தவன். பின்னர் கண்ணால் கண்டபோது மனம் கலங்கிற்று. ஒரு காது கிழிந்த இளந்தாய் ஒருத்தி இருந்தாள். எல்லாவற்றுக்கும் கடைசியில் வருபவள் அவள். மார்போடு ஒட்டிய ஒரு குட்டி அவளுக்கு. ‘அது’ என்று எழுதவேண்டிய இடத்தில் ‘அவள்’ என்று எழுதுகின்றேன். வாசகர்கள் பொறுத்தருள வேண்டும்.

யோபு நூலைப் படித்திருப்பீர்கள். பிள்ளைகளையும் உடைமையையும் உடல்நலத்தையும் இழந்த ஒரு மனிதர், ‘ஏன்?’ என்று இறைவனைக் கேட்கின்றார். நண்பர்கள் நீண்ட விளக்கங்கள் கூறுகின்றனர். இறுதியில் இறைவனே பேசுகின்றார். ஆனால் யோபுவின் துன்பத்துக்கு அவர் காரணம் கூறவில்லை. அவரைக் கைபிடித்து அழைத்துச்சென்று காட்டுவதுபோல் ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டு விலங்குகளைக் காட்டுகின்றார்: இரை தேடும் சிங்கம், பசித்துக் கரையும் காக்கைக் குஞ்சு, மலையில் ஈனும் வரையாடு, கட்டுக்கடங்காக் காட்டுக்கழுதை, தன் முட்டையை மறந்துபோகும் தீக்கோழி, உயரப் பறக்கும் பருந்து. அவற்றுள் பெரும்பாலானவற்றால் மனிதனுக்கு ஒரு பயனும் இல்லை. அவை யோபுவுக்காகப் படைக்கப்பட்டவையும் அல்ல. புனித தோமஸ் அக்குவினாசும், ஒரே படைப்பினால் இறைவனின் நன்மையை முழுமையாகக் காட்ட இயலாது என்பதனாலேயே பல்வகைப் படைப்புகள் உள்ளன என்று கற்பித்தார். மறைந்த பாப்பரசர் பிரான்சிஸ் 2015ஆம் ஆண்டு எழுதிய ‘லவுதாத்தோ சீ’ சுற்றுமடலும், ஒவ்வோர் உயிரினத்துக்கும் எமக்குக் கிடைக்கும் பயனுக்கு அப்பாற்பட்ட தன் சொந்த மதிப்பு உண்டு என்பதை வலியுறுத்துகின்றது.

இவை எல்லாம் என் குறிப்பேட்டில் அழகாக எழுதப்பட்டிருந்தன. ஒரு மறையுரைக்குப் போதுமானதாகவும் இருந்தன. அந்த மறையுரையை நான் நிகழ்த்தாமல் விட்டதற்குக் காரணம் ராத்தா.

உயிர்த்த ஞாயிறு கழிந்து சில வாரங்களின் பின் ஒருநாள். வேலியோரம் வந்து நின்றார். அவருடைய வளவில் ஆறு தென்னைகள். கணவர் கடலுக்குப் போகிறவர். கடல் கொந்தளிக்கும் நாட்களில் தேங்காய்தான் அவ்வீட்டின் காசு. அவ்வாண்டிலோ தேங்காய்த் தட்டுப்பாடு. ஒரு தேங்காய் 200 ரூபாயைத் தாண்டி விற்றது. அவருடைய மரங்களின் அடியிலோ, கடித்து, நீரை மட்டும் உறிஞ்சி எறியப்பட்ட குரும்பைகள் நிலமெங்கும் கிடந்தன.

“பாக்கிறதுக்கு வடிவுதான் ஃபாதர். நீங்க பாக்கிறதை நானும் பாத்துக்கொண்டுதான் இருக்கன்” என்றார். “ஆனா எனக்கு அந்தக் குரும்பையெல்லாம் புள்ளட கொப்பிக் காசு.”

நான் ஏதோ சமாதானம் கூற முயன்றேன். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, ஒருவர் தமக்கு ஒரு தூள் தந்திருப்பதாகவும், வாழைப்பழத்துக்குள் வைத்தால் கூட்டமே தொலைந்துவிடும் என்று அவர் சொன்னதாகவும் கூறினார். “செய்ய மனசு வருகுதில்ல. பூனையைக் கட்டிப்போட்டுப் பட்டினியால சாகவிட்ட பொம்புளைக்கு நரகம் எண்டு சின்ன வயசில ஓதப் போன இடத்தில கேட்டிருக்கன். ஆனா எனக்கு வேற வழியும் தெரியல்ல. நீங்க செல்லுங்க ஃபாதர், இது பாவமா?”

ஒரு குருவானவரிடம் இக்கேள்வி வரும்போது விடை எளிதென்று தோன்றும். நஞ்சு வைத்தால் குரங்கு மட்டுமா சாகும்? நாய் சாகும், கீரி சாகும், காகம் சாகும், கீழே கிடக்கும் பழத்தை எடுத்த ஒரு குழந்தையும் சாகலாம். காட்டோரங்களில், உணவுப் பொருளுக்குள் மறைத்துவைக்கும் வாய்வெடியைக் கடித்து, தாடை சிதறி, நாட்கணக்கில் உண்ண முடியாது துடித்து இறக்கும் யானைக் கன்றுகளைப் பற்றி நாம் அடிக்கடி வாசிக்கின்றோம். 2023ஆம் ஆண்டில் மட்டும் இந்நாட்டில் 400க்கும் மேற்பட்ட யானைகள் மாண்டன. யானைகளால் மாண்ட மனிதரும் 150க்கு மேல். ‘வேண்டாம் ராத்தா, அந்தத் தூளை எரித்துவிடுங்கள்’ என்றேன். அவரும் தலையசைத்தார். ஆனால் வேறு வழியைக் காட்டாமல் ‘வேண்டாம்’ என்று மட்டும் சொல்வது எவ்வளவு மலிவான புண்ணியம் என்பது எனக்கு உறைத்தது.

உறைத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதை இதுவரை எழுதாமல் தள்ளிப்போட்டுவந்தேன். ஏறத்தாழ ஒரு மாதமாக நான் அக்குரங்குகளுக்கு வாழைப்பழம் கொடுத்துவந்தேன். முதலில் அந்தக் காது கிழிந்தவளுக்காக ஒன்று. அதை வலியது ஒன்று பறித்துக்கொண்டதால் மேலும் இரண்டு. பிறகு தினமும் ஒரு சீப்பு. சமையலறைக் கழிவைக் கொட்டும் குழியையும் மூடவில்லை. அதில் கிளறித் தின்னும்போது அவற்றை அருகிலிருந்து பார்க்கலாம் அல்லவா? கணக்கெடுப்பு நாளில் வந்துபோன கூட்டம் பின்னர் வளவைவிட்டு அகலாததன் காரணம் நானே. என் வளவில் பழம் உண்டு, ராத்தாவின் தென்னையில் தாகம் தீர்த்துக்கொண்டன. என் இரசனைக்கு விலை செலுத்தியவர் அவர்.

குப்பியோ நகரத்து ஓநாயின் கதை நம் பிள்ளைகளுக்கும் தெரியும். ஊரையே நடுங்கவைத்த ஓநாயைத் தேடி அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ் மதிலுக்கு வெளியே செல்கின்றார். அது அவர் காலடியில் படுக்கின்றது. பசியினாலேயே அது கொன்றது என்பதை உணர்ந்து, ஊரார் நாள்தோறும் அதற்கு உணவளிப்பது, அது எவரையும் தீண்டாதிருப்பது என இரு தரப்புக்கும் இடையே ஓர் உடன்படிக்கை செய்துவைக்கின்றார். அதன்பின் ஈராண்டுகள் வீடு வீடாகச் சென்று உண்டு வாழ்ந்த ஓநாய் முதுமையில் இறந்தபோது ஊரார் வருந்தினர் என்பர். 1979இல் பாப்பரசர் 2ஆம் அருளப்பர் சின்னப்பர் இப்புனிதரைச் சூழலியலின் பாதுகாவலராக அறிவித்தார். ஓநாய்க்கு உணவளித்த இக்கதையைக் காட்டி என் வாழைப்பழங்களை நியாயப்படுத்த முதலில் முயன்றேன் என்பதை ஒப்புக்கொள்கின்றேன். சரிவரவில்லை. பிரான்சிஸ் ஊராரை அழைத்தார், ஆடு இழந்தவனையும் பிள்ளையை இழந்தவளையும் கேட்டார், எல்லாரும் ஒப்பியபின்னரே உடன்பாடு செய்தார். நான் வேலிக்கு அப்பால் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

எண்ணுவதிலும் இருவகை உண்டென்று அந்நாட்களில் நினைத்துக்கொண்டேன். தாவீது அரசர் தம் மக்களைக் கணக்கெடுத்தார். அது இறைவனுக்கு உகந்ததாயிருக்கவில்லை. நற்செய்தியின் ஆயனும் தன் மந்தையை எண்ணுகின்றான். நூறில் ஒன்று குறைகின்றதென்று அறிவதற்காக எண்ணுகின்றான். 2023ஆம் ஆண்டு, ஓர் இலட்சம் குரங்குகளைச் சீனாவுக்கு அனுப்பும் யோசனையொன்று எழுந்து, எதிர்ப்பின் பின் கைவிடப்பட்டதே, அதில் பேசப்பட்ட இலட்சம் முதல்வகை எண். ராத்தாவின் ஆறு தென்னைகளும் இரண்டாம்வகைக் கணக்கில் வரவேண்டியவை. என் குறிப்பேட்டில் அவை இருக்கவில்லை.

ஆகவே, மீண்டும் பார்க்கத் தொடங்கினோம். இம்முறை வேலியின் இருபுறமிருந்தும். ராத்தாவின் மகன் எட்டாம் தரத்தில் படிப்பவன், கெட்டிக்காரன். நான் ஒரு மாதத்தில் காணாததை அவன் மூன்று நாட்களில் கண்டுபிடித்தான். குரங்குகள் ஒருநாளும் தரைவழியாகத் தென்னைக்குப் போவதில்லை. என் புளியமரத்தின் ஒரு கிளை வேலியைத் தாண்டி நீண்டிருந்தது; அதன் நுனியிலிருந்து முதலாம் தென்னையின் ஓலைக்கு ஒரு தாவல். அங்கிருந்து ஓலைக்கு ஓலை மற்ற மரங்களுக்கு. வீதியாக அமைந்தது அந்த ஒரே கிளை. வளவுக்காரரின் அனுமதி பெற்று அதை வெட்டினோம். ஒன்றையொன்று தொடும் தாழ்ந்த ஓலைகளையும் கழித்தோம். தென்னைகளின் அடியில் ஆளுயரத்துக்கு மேல் வழுக்கும் தகரத் தகட்டைச் சுற்றினோம். கழிவுக் குழிக்கு மூடி போட்டேன். வாழைப்பழம் நின்றது.

ஒரு வாரம் அவை என்மீது கொண்ட கோபத்தை விவரிக்க இயலாது. கூரை ஓடுகள் நான்கு உடைந்தன. மூக்குக்கண்ணாடி ஒன்று புளியமரத்தின் உச்சிக்குப் போய்த் திரும்பிவரவில்லை. அதன்பின் அவை முன்போல் நாள்முழுதும் தங்காது, காலையிலும் மாலையிலும் கடந்துபோகத் தொடங்கின. இழப்பு முற்றாக நின்றதென்று கூறமாட்டேன். தகரத்துக்கும் வழி கண்டுபிடிக்கும் குரங்கு உண்டு. பாதிக்குமேல் குறைந்ததென்று ராத்தாவே கூறினார். யானை வரும் வளவுக்கு இந்தத் தகரமும் கத்தியும் போதாது என்பதும் எனக்குத் தெரியும். லகுகலைப் பக்கத்தில் இரவு முழுவதும் வயற்காவலில் கண்விழிக்கும் மக்களுக்கு நான் எதைச் சொல்வது? அவர்களுடைய வேதனை வேறு அளவினது. அங்கு ஒரு வீட்டாரின் முயற்சியால் ஆவது சொற்பம்.

அன்பார்ந்த குடும்பத் தலைவர்களே, தாய்மாரே, உங்கள் பிள்ளைகளுடன் ஒருநாள் காலை வளவில் ஐந்து நிமிடம் அமர்ந்து பாருங்கள். பட்டணத்துச் சிறு வீடாயினும் ஒரு பூச்சாடியும் ஒரு மின்கம்பியும் போதும். கரிச்சானோ மீன்கொத்தியோ வந்தமரும். கச்சான் வீசும் காலத்தில் நிழலில் ஒரு சட்டியில் தண்ணீர் வைத்து, தினமும் அதைக் கழுவி மாற்றினால் பறவைகள் உங்களைத் தேடி வரும். குரங்குக்குக் கையால் உணவு கொடுக்க வேண்டாம். அதற்கான காரணத்தை மேலே எழுதிவிட்டேன். பாம்பைக் கண்டால் பிள்ளைகளை அப்பால் அழைத்துச்சென்று அது போகும்வரை பொறுத்திருங்கள். காட்டோரத்தில் அகப்படும் நட்சத்திர ஆமையை வீட்டுக்குக் கொண்டுவந்து பெட்டியில் அடைக்கும் வழக்கமும் எம்மவரிடம் இருக்கின்றது. அது சட்டத்துக்கும் விரோதம், அந்த உயிருக்கும் கொடுமை.

பொத்துவிலை விட்டுப் புறப்படுவதற்கு முந்திய வாரம், ஜூலை மாதத்தில், ஒரு காலை. ராத்தாவின் மகன் பாடசாலைச் சீருடையுடன் கிணற்றடிக்கு ஓடிவந்தான். கையில் அவனுடைய கொப்பி. அதில் அவனே கோடு கிழித்து நிரல்கள் அமைத்திருந்தான்: குரங்கு, மயில், கீரி, புலுனி, கடைசியில் அகலமான ஒரு நிரலுக்கு ‘மத்தது எல்லாம்’ என்று பெயர்.

“இண்டைக்குப் பத்துத்தான் ஃபாதர். நேத்துப் பதினொண்டு. காது கிழிஞ்சதுட குட்டியைக் காணல்ல.”

இருவருமாக மேலே பார்த்தோம். புளியமரத்தின் உயர்ந்த கிளையில் அவள் முதுகைக் காட்டி அமர்ந்திருந்தாள். அசையவில்லை. குட்டி கண்ணில் படவில்லை. முந்திய இரவு வெகுநேரம் நாய்கள் குரைத்தது எனக்கு நினைவிருந்தது. பையனிடம் அதைச் சொல்ல மனம் வரவில்லை. அவனுடைய வான் வீதியில் வந்து நின்று ஹோர்ன் அடித்தது, அவன் போகவில்லை. சட்டி கழுவிக்கொண்டிருந்த ராத்தா கையைத் துடைத்தபடி வேலியோரம் வந்தார். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்து, எங்களைவிட நெடுநேரம் பார்த்தார்.

“அந்தா,” என்றார், “அடிவயித்தில. ஒரு கை தெரியிது பாருங்க.”